காய்ச்சல் தணிந்த உடலில் காத்திருக்கும் உயிரி

மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் காற்றே இந்நோயைக் கொண்டுவருகிறது என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நம்பியதன் எச்சம் அது. தமிழில் வழங்கிவந்த முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்னும் பெயர்கள் காரணத்தை ஊகிக்க முற்படாமல் நோயாளியின் உடலில் நிகழ்வதை மட்டும் கூறுகின்றன: ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்து வருவதும், எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடங்காத நடுக்கத்தோடு தொடங்குவதும் இக்காய்ச்சலின் இயல்புகள். ஆயினும் இப்பெயர்கள் யாவும் நோயின் வெளித்தெரியும் பகுதியையே சுட்டுகின்றன. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் காய்ச்சல் எதையும் தோற்றுவிக்காமலேயே கழிக்கிறது; தோலிலும், கல்லீரலிலும், மண்ணீரலிலும், எலும்பு மஜ்ஜையிலும், பின்னர் கொசுவின் வயிற்றிலும் அது மாறி மாறி ஒளிந்து வாழ்கிறது. மருந்துண்டு குணமானவர் சில மாதங்கள் கழித்து மீண்டும் நடுங்கிப் படுப்பதற்கும், இந்நோயை ஒழித்துவிட்டதாகக் கருதிய நாடுகள் சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கான நோயாளிகளைக் காண நேர்ந்ததற்கும், காய்ச்சல் தணிந்ததை நோய் தீர்ந்ததாகக் கொண்ட பிழைக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்த உயிரி பிளாஸ்மோடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மனிதரைத் தாக்குபவற்றுள் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்னும் இரு இனங்களே பெரும் பாதிப்பை உண்டாக்குகின்றன. மலேரியே, ஓவேல் ஆகியவை அரிதானவை. நோலெசி என்பது தென்கிழக்கு ஆசியக் காடுகளில் குரங்குகளிடமிருந்து மனிதரைத் தொற்றுவது. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 26 கோடியே 30 லட்சம் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர். 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தனர். இறப்புகளில் நூற்றுக்கு 95 ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தவை. அங்கு இறந்தவர்களில் நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இரண்டு நூற்றாண்டுகளாக மருந்தும், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காரணம் பற்றிய அறிவும் கையில் இருந்தும் இந்த எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக நீடிப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை, அந்த உயிரி தன்னை மறைத்துக்கொள்ளும் முறையில்தான் தொடங்குகிறது.

கடியும் கல்லீரலும்

முட்டையிடுவதற்கு இரத்தம் தேவைப்படுவதால் கடிப்பது பெண் கொசு மட்டுமே. அவற்றுள்ளும் மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் வகைக் கொசு. அந்தி முதல் விடியல் வரையிலான நேரத்தில் கடிக்கும் இக்கொசு, இரத்தம் உறையாதிருக்கத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்தும்போது, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தங்கியிருந்த ஊசிவடிவ ஒட்டுண்ணிகள் சில பத்துக்களும் அதனுடன் இறங்குகின்றன. ஸ்போரோசோயிட் எனப்படும் இந்நிலையிலுள்ள ஒட்டுண்ணி, நேரே இரத்தக்குழாயில் செலுத்தப்படுவதில்லை; தோல் திசுவுக்குள் வழுக்கி நகர்ந்து ஒரு நுண்குழாயைத் தேடிக் கண்டு, அதனுள் நுழைந்து கல்லீரலை அடைகிறது. வழியிலேயே அழிபவை பல. கல்லீரலை அடைந்தவையோ அங்குள்ள காவல் செல்களின் ஊடாகவே புகுந்து, பல கல்லீரல் செல்களைத் துளைத்துக் கடந்து, இறுதியில் ஒன்றைத் தேர்ந்து அதனுள் குடியேறுகின்றன.

அடுத்த ஏழெட்டு நாட்களுக்குக் கடிபட்டவருக்கு எந்தத் துன்பமும் இல்லை. அவர் வேலைக்குச் செல்கிறார், உண்கிறார், உறங்குகிறார். கல்லீரல் செல்லுக்குள் நுழைந்த ஒற்றை ஒட்டுண்ணியோ அந்நாட்களில் பிளந்து பிளந்து பல்லாயிரமாகப் பெருகுகிறது. இவ்வாறு பெருகிய சிற்றுயிரிகள் மெரோசோயிட் எனப்படுகின்றன. முதிர்ந்ததும் அவை வெளியேறும் முறை வியப்புக்குரியது: அழிந்துகொண்டிருக்கும் கல்லீரல் செல்லின் சவ்வையே போர்வையாகக் கொண்டு சிறு பொதிகளாக இரத்தவோட்டத்தில் கலப்பதால், அந்நியரை அடையாளம் காணும் நோயெதிர்ப்பு செல்களுக்கு அவை உடலின் சொந்தப் பகுதியாகவே தோன்றுகின்றன.

இந்தக் கல்லீரல் கட்டம் நெடுங்காலம் அறிவியலுக்கே தெரியாமல் இருந்தது. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவரான், 1880 நவம்பரில் ஒரு படைவீரரின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று, மலேரியா நோயாளியைக் கடித்த அனாபிலஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் உருண்டைகளைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரையான முழுப் பாதையையும் நிறுவினார். அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸியும் அவருடைய குழுவினரும் மனித மலேரியாவுக்கு அதை மெய்ப்பித்தனர். ஆனால் கொசுவிலிருந்து உடலுக்குள் நுழைந்த ஒட்டுண்ணி இரத்தத்தில் தோன்றும் வரையிலான நாட்களில் எங்கே இருந்தது? அது நேரடியாகச் சிவப்பணுவில் நுழைவதைத் தாம் கண்டதாக ஜெர்மானிய விலங்கியலாளர் ஷௌடின் 1903இல் எழுதியதை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏடுகள் எதிரொலித்தன. 1948இல்தான் ஹென்றி ஷார்ட், சிரில் கார்ன்ஹாம் ஆகிய இருவரும் முதலில் குரங்கின் கல்லீரலிலும், பின்னர் தன்னார்வலர் ஒருவரின் கல்லீரல் திசுவிலும் ஒட்டுண்ணியைக் கண்டு அந்தப் பிழையை முடித்துவைத்தனர்.

அதன் பின்னும் ஒரு புதிர் எஞ்சியது. வைவாக்ஸ் மலேரியாவுக்கு ஆளானவர், கொசுவே இல்லாத குளிர்நாட்டுக்குச் சென்று வாழ்ந்தாலும், மாதங்கள் கழித்து, சில வேளைகளில் ஓரிரு ஆண்டுகள் கழித்தும் மீண்டும் அதே நோய்க்கு உள்ளாவது எவ்வாறு என்பதே அது. 1980களின் தொடக்கத்தில் க்ரோடோஸ்கியும் உடன் ஆய்ந்தோரும் அதற்கு விடை கண்டனர். கல்லீரலில் குடியேறும் வைவாக்ஸ் ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி உடனே பெருகுவதில்லை. ஒரு செல்லுக்குள் சுருங்கி, வளராமல், பிளவுபடாமல் உறங்குகிறது. ஹிப்னோசோயிட் எனப்படும் இதனை உறங்குயிரி எனலாம். இது விழிப்பதற்கான தூண்டுதல் எது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. இரத்தத்தைச் சோதித்தால் இது தென்படாது; இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும் குளோரோகுயின் போன்ற மருந்துகள் இதைத் தொடுவதும் இல்லை. ஓவேல் இனத்திலும் இந்த உறக்கம் உண்டு; ஃபால்சிபாரத்தில் இல்லை.

சிவப்பணுவுக்குள் நாற்பத்தெட்டு மணி நேரம்

இரத்தத்தில் இறங்கிய மெரோசோயிட்டுக்கு வெளியில் வாழும் ஆயுள் மிகக் குறைவு. ஆகவே ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அது ஒரு சிவப்பணுவைப் பற்றிப் புரண்டு, துளைத்து உட்புகுந்துவிடுகிறது. அங்கு அதற்கு உணவு ஹீமோகுளோபின். உயிர்வளியைச் சுமக்கும் அந்தச் செம்புரதத்தின் பெரும்பகுதியை அது செரித்துவிடுகிறது. செரிக்கும்போது வெளிப்படும் ஹீம் என்னும் இரும்புப் பொருள் ஒட்டுண்ணிக்கே நஞ்சு என்பதால், அதைப் பழுப்புநிறப் படிகங்களாக இறுக்கி ஓரிடத்தில் ஒதுக்கிவைக்கிறது. லாவரான் முதன்முதலில் பின்தொடர்ந்தது இந்த நிறத்துகள்களைத்தான். குளோரோகுயின் மருந்து செய்ததெல்லாம் இந்தப் படிகமாக்கத்தைத் தடுத்து, ஒட்டுண்ணியை அதன் கழிவாலேயே கொன்றது. எளிமையான அந்த வழியை ஃபால்சிபாரம் 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் எதிர்த்து நிற்கக் கற்றது, இந்தியாவில் அவ்வெதிர்ப்பு 1973இல் அசாமில் கண்டறியப்பட்டது.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சிவப்பணு வெடித்து, ஒன்றுக்குப் பதினைந்து, இருபது என்ற கணக்கில் புதிய மெரோசோயிட்டுகள் வெளிவருகின்றன. அவை வேறு சிவப்பணுக்களில் நுழைய, சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. கோடிக்கணக்கான அணுக்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் வெடித்து, உள்ளிருந்த கழிவும் நிறத்துகளும் இரத்தத்தில் கொட்டும்போது உடல் அதற்குக் காட்டும் எதிர்வினையே காய்ச்சல். வெடிப்பும் காய்ச்சலும் ஒத்துவருவதை 1880களின் நடுப்பகுதியில் இத்தாலியர் கமிலோ கால்ஜி கண்டறிந்தார். முறைக்காய்ச்சலின் முறை என்பது இந்த நாற்பத்தெட்டு மணி நேரக் கணக்கே. மலேரியே இனத்தில் அது எழுபத்திரண்டு மணி நேரம். முதலில் பல் கிட்டும் குளிர்நடுக்கம், பின்னர் உடல் கொதிக்கும் வெப்பமும் தலைவலியும் வாந்தியும், இறுதியில் படுக்கையை நனைக்கும் வியர்வை என மூன்று படிகளாக நடந்து முடிந்ததும் நோயாளி அயர்ந்து உறங்கி எழுகிறார். அடுத்த நாள் நலமாகவே உணர்கிறார். இந்த இடைநாள் நலம்தான் மருத்துவரைத் தேடும் காலத்தைத் தள்ளிப்போடச் செய்கிறது. ஃபால்சிபாரத்தில் இந்த ஒழுங்குகூட பெரும்பாலும் அமைவதில்லை. நாள்தோறும் தாறுமாறாகக் காய்வது அதன் இயல்பாதலால், முறை வரவில்லை என்பதை வைத்து மலேரியா இல்லை என்று முடிவுசெய்வது ஆபத்தானது.

முதல் காய்ச்சல் தோன்றும் வேளையில் உடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடி. கொசு விட்டுச்சென்றது சில பத்துக்களே என்பதை நினைத்தால், நோயாளி முதன்முறை நடுங்கும் நேரத்துக்குள் போரின் பாதி நடந்து முடிந்திருப்பது விளங்கும்.

உயிர் கொல்லும் ஒட்டுதல்

உடலுக்குள் நுழைந்த அந்நியத்தை வடிகட்டும் உறுப்பு மண்ணீரல். நெகிழ்வு குன்றிய, சேதமுற்ற சிவப்பணுக்களை அது பிடித்து அழித்துவிடும். அதனால்தான் மலேரியா மிகுந்த ஊர்களில் வயிற்றின் இடப்புறம் கட்டியாக வீங்கிய மண்ணீரலோடு குழந்தைகள் காணப்பட்டனர், ஓர் ஊரில் மலேரியா எந்த அளவுக்கு நிலைபெற்றுள்ளது என்பதை அத்தகைய குழந்தைகளின் விழுக்காட்டைக் கொண்டே மருத்துவர்கள் கணித்தனர். இந்த மண்ணீரலிடமிருந்து தப்புவதற்கு ஃபால்சிபாரம் கண்ட வழிதான் அதை ஏனைய இனங்களைவிடக் கொடியதாக்கியது. தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் அது சிறு குமிழ்களை எழுப்பி, அவற்றில் ஒட்டும் தன்மையுள்ள புரதமொன்றை நிறுத்துகிறது. அதனால் அந்தச் சிவப்பணு நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலின் பக்கம் செல்லாமலேயே நின்றுவிடுகிறது. உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்குவதற்குள், ஒட்டுண்ணி தன்னிடமுள்ள ஏறத்தாழ அறுபது மரபணுக்களில் வேறொன்றை எடுத்து வேறொரு வடிவிலான புரதத்தை அணிந்துகொள்கிறது.

ஒட்டுண்ணிக்குத் தப்பும் வழியான இந்த ஒட்டுதல் மனிதருக்கு இறப்பின் வழியாகிறது. மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டால் வலிப்பும், நினைவிழப்பும், ஆழ்மயக்கமும் ஏற்படுகின்றன. மூளை மலேரியா எனப்படும் இந்நிலையில் சிகிச்சை பெற்றும் இறப்போர் உண்டு, பிழைக்கும் குழந்தைகளில் சிலர் வலிப்பு, பேச்சுக் குறை, கற்றல் குறை ஆகியவற்றோடு வளர்கின்றனர். இரத்தத்தின் சர்க்கரை அளவு வீழ்வதும், அமிலத்தன்மை ஏறுவதும் உண்டு; சிறுநீரகம் செயலிழப்பதும், நுரையீரலில் நீர் கோப்பதும் வளர்ந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. குழந்தைகளிடமோ சிவப்பணுக்கள் அழிந்து உண்டாகும் கடும் இரத்தசோகை முக்கியக் கொலைக்காரணங்களுள் ஒன்று. வெடித்த அணுக்கள் மட்டுமன்றித் தொற்றாத நல்ல சிவப்பணுக்களும் கூடவே அழிவதாலும், மஜ்ஜையில் புதியவை பிறப்பது மந்தமாவதாலும் இச்சோகை எதிர்பார்த்ததைவிட ஆழமாகிறது.

கருவுற்ற பெண்களின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பலமுறை மலேரியா வந்து அதற்குத் தாங்குதிறன் பெற்ற பெண்ணும் முதல் கருவின்போது அத்திறனை இழந்ததுபோல் நோயுறுவதற்குக் காரணம் நஞ்சுக்கொடி. அதுவரை உடலில் இல்லாத அந்தப் புதிய உறுப்பின் பரப்பில் ஒட்டுவதற்கென்றே ஃபால்சிபாரத்திடம் தனியொரு புரதம் உள்ளது. பெண்ணின் உடல் அதை முன்பு சந்தித்ததில்லை. தாய்க்குக் காய்ச்சலே இல்லாதபோதும் நஞ்சுக்கொடி முழுவதும் ஒட்டுண்ணிகள் செறிந்திருக்க, கருவுக்கு ஊட்டம் குறைந்து குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அந்த எடைக்குறைவே முதல் ஆண்டில் அதன் உயிருக்கு ஆபத்தாகிறது. மலேரியாவின் இறப்புக் கணக்கில் இக்குழந்தைகளின் பெயர் பெரும்பாலும் சேர்வதில்லை.

மனித இனத்தின் மரபணுக்களிலும் இந்நோய் தன் தழும்பை விட்டிருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் செல் மரபணுவைப் பெற்றவர்களை ஃபால்சிபாரம் கொல்வது அரிது என்பதை 1954இல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிறுவினார். இருவரிடமிருந்தும் பெற்றால் அதுவே துன்பமிகு இரத்தநோய். இந்தியாவில் அந்த மரபணு முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடத்தில். தலைமுறை தலைமுறையாக மலேரியா கொன்றவர்கள் போக எஞ்சியவர்களின் இரத்தத்தில் நிலைத்த பாதுகாப்பு, மலேரியா குறைந்த இன்று அவர்களுடைய குழந்தைகளுக்குச் சுமையாக மட்டும் நிற்கிறது.

நோயில்லாதவரிடமிருந்து கொசுவுக்கு

சிவப்பணுக்களுக்குள் பெருகும் ஒட்டுண்ணிகளில் சில, பெருகுவதை விட்டு ஆண், பெண் என்னும் பால்வடிவங்களாக முதிர்கின்றன. கேமிட்டோசைட் எனப்படும் இவை காய்ச்சல் எதையும் உண்டாக்குவதில்லை. கொசு வந்து உறிஞ்சும் வரை காத்திருப்பதே இவற்றின் வேலை. ஃபால்சிபாரத்தில் இவை பத்து, பன்னிரண்டு நாட்கள் எலும்பு மஜ்ஜையில் மறைந்து வளர்ந்து, பிறை வடிவில் இரத்தத்துக்கு வருகின்றன. வைவாக்ஸிலோ நோயாளி மருத்துவரிடம் செல்லும் முன்பே இவை இரத்தத்தில் உலவத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே மிகச் சிறந்த சிகிச்சையும் சில கடிகளுக்குப் பிந்தியதாகவே அமைகிறது.

கொசுவின் வயிற்றை அடைந்ததும், வெப்பம் குறைவதை உணர்ந்து ஆண்வடிவம் கால்மணி நேரத்துக்குள் சாட்டைபோன்ற எட்டு விந்துகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று பெண்வடிவத்தோடு கலந்து கருவாகி, இரைப்பைச் சுவரைத் துளைத்து அதன் வெளிப்புறத்தில் உருண்டையாக அமர்கிறது. ராஸ் கண்டது இந்த உருண்டையைத்தான். அதனுள் ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள் உருவாகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, வெப்பநிலையைப் பொறுத்து, பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகின்றன. குளிர் மிகுந்தால் இவ்வளர்ச்சி நின்றேவிடும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால் பெரும்பாலான கொசுக்கள் ஒட்டுண்ணி முதிரும் முன்பே இறந்துவிடுகின்றன. மலேரியாவின் ஒட்டுமொத்தச் சுழற்சியிலும் மிக நலிந்த கண்ணி இதுவே. இரத்தம் குடித்த கொசு வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் என்பதைக் கொண்டு சுவரில் டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்த முறை பெற்ற பெருவெற்றியின் அடிப்படை கொசுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தது மட்டுமன்று; பன்னிரண்டு நாள் வாழும் கொசுவே இல்லாமற் செய்தது.

இச்சங்கிலியில் மிகக் கடினமான கண்ணி மனிதர்தான், அதிலும் நோயுற்ற மனிதர் அல்லர். மலேரியா நிலைபெற்ற பகுதிகளில் பலமுறை தொற்றுக்கு ஆளாகி வளர்ந்தவர்களிடம் ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சல் இராது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையிலும் அத்தகையோரின் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில் விபத்தால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, காய்ச்சலில்லாத வைவாக்ஸ் தொற்றில் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளில் நூற்றுக்கு 98க்கும் மேற்பட்டவை மண்ணீரலுக்குள்ளேயே இருந்ததைக் காட்டியது. ஒட்டுண்ணிகளை அழிப்பதாகக் கருதப்பட்ட உறுப்பே அவற்றின் பெருங்குடியிருப்பாகவும் இருந்திருக்கிறது. சோதனைக்கு வரும் துளி இரத்தத்தில் தெரிந்தது அதிலிருந்து வழிந்த சிறு பகுதி மட்டுமே. விரைவுச் சோதனை அட்டையிடமிருந்தும் ஃபால்சிபாரம் தப்பக் கற்றுவருகிறது: அவ்வட்டை தேடும் புரதத்துக்கான மரபணுவையே இழந்துவிட்ட ஒட்டுண்ணிகள் முதலில் பெருவிலும், பின்னர் எரித்திரியாவிலும் கண்டறியப்பட்டன.

பதினேழிலிருந்து ஐந்து லட்சத்துக்கு

இவ்வளவு மறைவிடங்களையுடைய நோயை ஒரு நாடு எவ்வாறு எதிர்கொண்டு தோற்றது, பின்னர் எவ்வாறு வென்றது என்பதற்கு இலங்கையைப் போல் தெளிவான சான்று வேறில்லை. 1934இல் பருவமழை பொய்த்து, தென்மேற்கின் ஆறுகள் ஓட்டம் நின்று சிறுசிறு குட்டைகளாயின. தெளிந்த, தேங்கிய நீரை விரும்பும் அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்னும் கொசுவுக்கு, இலங்கைத் தமிழில் நுளம்புக்கு, தெதுரு ஓயாவும், மகா ஓயாவும், களனி ஆறும் மைல் கணக்கில் நீண்ட முட்டைக்களமாக மாறின. அவ்வாண்டின் இறுதியிலிருந்து அடுத்த ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்நாளில் தீவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பத்தைந்து லட்சமே. இறப்பு குவிந்தது கேகாலை, குருநாகல் பகுதிகளில். எப்போதும் மலேரியா நிலவிய வறண்ட வடக்கிலும் வடமத்தியிலும் அல்ல. வறண்ட பகுதி மக்கள் குழந்தைப் பருவத்திலேயே பெருவிலை கொடுத்துத் தாங்குதிறனைப் பெற்றிருந்தனர். ஈரப்பகுதி மக்களிடம் அது இல்லை. பட்டினியும் கொய்னா (குயினைன்) மருந்தின் பற்றாக்குறையும் எஞ்சியதைச் செய்தன.

1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய டிடிடி தெளிப்பால் நோய் வேகமாக வீழ்ந்தது. 1963இல் தீவு முழுவதிலும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வெற்றி பெற்றாகிவிட்டது என்று கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. இரத்தினக்கல் அகழவும், காட்டை அழித்துச் சேனைப்பயிர் செய்யவும் காடுகளுக்குள் சென்று திரும்பியோரின் உடலில், கணக்கெடுப்பில் சிக்காத ஒட்டுண்ணிகள் இருந்தன. நுளம்பு எங்கும் போய்விடவில்லை. 1967இன் பிற்பகுதியில் நோய் வெடித்தது. 1969இல் பதிவானவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோரைத் தாக்கியது கல்லீரலில் உறங்கவல்ல வைவாக்ஸ். இந்தியாவின் அனுபவமும் வேறன்று: விடுதலையின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடி என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 1965இல் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்து, 1976இல் 64 லட்சமாக உயர்ந்தது.

இலங்கை பின்னர் பெற்ற வெற்றி நுளம்பை மட்டும் நம்பியதன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து அதன் மலேரியா எதிர்ப்பு இயக்கம், மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சோதிப்பதோடு நில்லாமல், நடமாடும் மருத்துவப் பிரிவுகளைச் சிற்றூர்களுக்கும் காட்டோரக் குடியிருப்புகளுக்கும் அனுப்பி, காய்ச்சல் இருப்பினும் இல்லாவிடினும் மக்களின் இரத்தத்தைச் சோதித்தது. ஒவ்வொரு நோயாளியையும் தேடிச்சென்று உறங்குயிரிகளைக் கொல்லும் பிரைமாகுயின் மருந்து உண்ணப்படுவதை உறுதிசெய்தது. கொடிய உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வடக்கிலும் கிழக்கிலும் மருந்தும் வலையும் தெளிப்பும் முற்றாக நின்றுவிடாமல் காத்த நலப்பணியாளர்களின் உழைப்பு அதற்குரிய அளவில் இதுவரை எழுதப்படவில்லை. 2012 அக்டோபரோடு உள்நாட்டிலேயே பரவும் மலேரியா இலங்கையில் முடிவுக்கு வந்தது. 2016 செப்டம்பரில் உலக நலவாழ்வு அமைப்பு அதற்குச் சான்றளித்தது.

அச்சான்று கிடைத்த அதே ஆண்டு டிசம்பரில், அதுவரை இலங்கையில் காணப்படாத அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு மன்னாரின் கிணறுகளில் கண்டறியப்பட்டது. இது சென்னைக்கு நன்கு பழக்கமான கொசு. வயலையும் ஆற்றையும் நாடாமல் வீட்டுக் கிணற்றிலும், மூடப்படாத மேல்நிலைத் தொட்டியிலும், கட்டடப் பணியிடத்து நீரிலும் முட்டையிடுவதால், தமிழ்நாட்டு மலேரியாவின் பெரும்பகுதி நெடுங்காலம் சென்னை நகரத்துக்கே உரியதாக இருந்தது. அதே இனம் 2012இல் ஜிபூட்டியிலும் அடுத்து எத்தியோப்பியாவிலும் தோன்றி, கிராமத்து நோயாக இருந்த ஆப்பிரிக்க மலேரியாவை நகரத்துக்கு அழைத்துவருகிறது.

கருவிகள் பெருகாமல் இல்லை. ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட இரண்டு தடுப்பூசிகள் 2021இலும் 2023இலும் பரிந்துரைக்கப்பட்டு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குச் செலுத்தப்படுகின்றன. இரண்டாவது, புனே நகரின் சீரம் நிறுவனத்தில் தயாராவது. ஆயினும் அவை ஃபால்சிபாரத்துக்கானவை. கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸுக்கு இந்தியாவில் இன்றும் வழங்கப்படுவது மூன்று நாள் குளோரோகுயினும் பதினான்கு நாள் பிரைமாகுயினுமே. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதைத் தரலாகாது. ஆகவே அது மருத்துவரின் சொற்படி உண்ணப்பட வேண்டிய மருந்து.

அந்தப் பதினான்கு நாட்களில் மூன்றாம் நாளிலேயே காய்ச்சல் நின்றுவிடுகிறது. மாத்திரையும் பல வீடுகளில் அன்றோடு நின்றுவிடுகிறது. வைவாக்ஸ் மலேரியாவுக்கு மருந்து பெற்ற ஒவ்வொருவரும், உடல் முழு நலத்தோடு இருப்பதாகத் தோன்றினாலும், எஞ்சிய பதினொரு நாள் மாத்திரைகளையும் தவறாமல் உண்டு முடிக்க வேண்டும். ஓராண்டுக்குள் மீண்டும் காய்ச்சல் கண்டால், அது எத்தனை எளியதாகத் தோன்றினாலும், முன்பு மலேரியா வந்ததைச் சொல்லி இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.